உறங்குவதற்கு உரிமம் தருவது யார்?

தோழரே!

மதுக்கூடம் நடத்த வேண்டுமெனில் ஆயத்தீர்வைத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். அங்கே இசை முழங்க வேண்டுமெனில் காவல்துறையின் இசைவு வேண்டும். அடுப்பு மூட்ட ஒரு சான்று, தீத்தடுப்புக்கு ஒரு சான்று, பெயர்ப்பலகை மாட்ட ஒரு சான்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம் உண்டு, ஓர் அதிகாரி உண்டு, ஒரு முத்திரை உண்டு. ஆனால், அந்த மதுக்கூடத்தின் பின்சுவரை ஒட்டிய வீட்டிலே வாழ்ந்து, விடியற்காலை 5 மணிக்கு எழுந்து வேலைக்கு ஓட வேண்டிய உழைப்பாளி ஒருவர், இரவு 11 மணிக்குக் கண்ணயர விரும்பினால், எந்த அலுவலகத்தின் படியேறுவது? எந்த அதிகாரியின் மேசைமீது விண்ணப்பம் வைப்பது? உறங்குவதற்கு உரிமம் தருவது யார்?

வேடிக்கைக்காகத் தொடுக்கப்பட்ட கேள்வியன்று இது. பெங்களூரு மாநகரின் இந்திராநகரில் பத்தாண்டுகளுக்கு மேலாக மக்கள் எழுப்பிவரும் கேள்வி. அதனை இந்த ஞாயிறு சற்று விரிவாகவே பேசுவோம். அண்டை மாநிலத்துக் கதைதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் கதை முடிகிற இடம் நமது தெருமுனை!

இந்திராநகர், 1970களில் திட்டமிட்டு மனை பிரித்து எழுப்பப்பட்ட குடியிருப்பு. படைத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பலர் அங்கே வீடு கட்டிக்கொண்டனர். 'டிபென்ஸ் காலனி' என்று ஒரு பகுதிக்குப் பெயரே உண்டு. தோட்டமும் மரநிழலும் சூழ்ந்த தனி வீடுகள். அவற்றுக்கு இடையே மோட்டப்பனபாளையா, அப்பாரெட்டிபாளையா போன்ற பழைய ஊர்கள் நகரத்தின் வயிற்றுக்குள் அகப்பட்டுக்கொண்டன. அங்கே வாழ்வோர் ஓட்டுநர்கள், தச்சர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள். சற்றுத் தள்ளி அல்சூர். நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி. 2009இல் வள்ளுவர் சிலை திறக்கப்பட்ட ஏரிக்கரை.

கணினித் தொழில் பெருகிற்று. கையிலே காசுள்ள இளைஞர் கூட்டம் நகரை நிறைத்தது. 2007இல் ஒப்புதல் பெற்ற நகரப் பெருந்திட்டம், சாலையின் அகலத்தைப் பார்த்துக் குடியிருப்புப் பகுதிகளுக்குள்ளும் வணிகத்தை அனுமதித்தது. 2011 அக்டோபரில் நகரின் முதல் மெட்ரோ ரயில் இந்திராநகர் வழியாகவே ஓடத் தொடங்கிற்று. நூறடிச் சாலையிலும், பன்னிரண்டாம் மெயின் சாலையிலும், வீடுகள் கடைகளாயின, கடைகள் உணவகங்களாயின, உணவகங்களின் மொட்டைமாடிகள் மதுக்கூடங்களாயின. 2016 முதல், வாரத்தின் எல்லா நாள்களிலும் நள்ளிரவு தாண்டி 1 மணி வரை மது பரிமாற அனுமதியும் வந்தது. 1 மணிக்குக் கதவு மூடும். கூட்டம் தெருவுக்கு வரும். கார்க் கதவுகள் அறையப்படும். விடைபெறும் கூச்சல் எழும். தெரு அடங்கும்போது மணி 2 ஆகியிருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும், மாத்திரை விழுங்கிப் படுத்த முதியவருக்கும், அதிகாலையில் அடுப்பு மூட்ட வேண்டிய தாய்க்கும் இரவு என்று மிஞ்சியது எத்தனை மணி நேரம்? எண்ணிப் பாருங்கள்!

இந்தப் பூசலை ஏடுகள் எப்படிச் சித்திரிக்கின்றன? ஒருபுறம், பிறர் மகிழ்ச்சியைப் பொறாத கிழவர்கள். மறுபுறம், பொறுப்பற்ற குடிகார இளைஞர்கள். தலைமுறைச் சண்டை, பண்பாட்டுப் போர் என்று கொட்டை எழுத்தில் தலைப்பிடுகின்றன. தோழரே, இந்த இரண்டு சித்திரமும் பொய். இரண்டும் ஒரே நோக்கத்துக்குப் பயன்படுகின்றன: சண்டையிடுவோர் இருவரையும் காட்டி, இலாபம் எண்ணுகிற மூன்றாமவரை மறைப்பதற்கு!

கிழவர் கேட்பது பிறர் குடிக்கக் கூடாது என்றா? இல்லை, தம் வீட்டுச் சாளரம் அதிரக் கூடாது என்றே கேட்கிறார். இளைஞர் கேட்பது ஊர் உறங்கக் கூடாது என்றா? இல்லை, பகலெல்லாம் உழைத்தபின் நண்பரோடு அமர்ந்து சிரிக்க ஓரிடம் கேட்கிறார். இவ்விரண்டு விருப்பங்களும் ஒரே தெருவில் ஒத்து வாழ முடியும். இடையிலே தேவைப்படுவது ஒலி கடக்காத ஒரு சுவர். அந்தச் சுவருக்குச் செலவாகும். அச்செலவை யார் ஏற்பது என்பதே முழுச் சிக்கலும்.

முதலாளி சுவர் எழுப்பாமல், கூரையும் வேயாமல், மொட்டைமாடியில் ஒலிபெருக்கி வைத்தால் அவருக்குப் பணம் மிச்சம். அந்த மிச்சம் வானத்திலிருந்து விழுந்ததன்று. அக்கம்பக்கத்தார் இழந்த உறக்கம் அங்கே ரூபாயாக மாறிக் கல்லாவில் சேர்ந்திருக்கிறது. கூலியைக் குறைத்தால் சுரண்டல் என்கிறோம். உறக்கத்தைக் குறைத்தால் அதற்குப் பெயர் என்ன? உழைப்பவனுக்கு உறக்கம்தானே மறுநாளைய முதலீடு!

இங்கே ஓர் எச்சரிக்கை. மதுக்கூடம் என்றதும் கையில் தடியெடுத்து ஓடிவருகிற கூட்டம் ஒன்று உண்டு. 2009 சனவரியில் மங்களூரு நகரின் மதுக்கூடம் ஒன்றில் புகுந்து, அங்கிருந்த பெண்களை அடித்துத் துரத்தியதை நாடே கண்டது. பண்பாட்டுக் காவலர் என்று தம்மைத் தாமே அவர்கள் அழைத்துக்கொண்டனர். உறக்கமிழந்த குடும்பங்களின் குறையைத் தீர்க்கவா வந்தனர்? பெண் எங்கே அமரலாம், யாரோடு பேசலாம், என்ன உடுத்தலாம் என்று ஆணையிட வந்தனர். நியாயமான குறை ஒன்று தீர்க்கப்படாமல் கிடந்தால், அநியாயக்காரர் வந்து அதன்மேல் கொடி நாட்டுவர். நமது கணக்கு ஒலியைப் பற்றியது, நேரத்தைப் பற்றியது, தெருவைப் பற்றியது. உள்ளே அமர்ந்திருப்பவர் ஆணா பெண்ணா என்பது நமது கணக்கிலே வராது, வரவும் கூடாது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். நன்றாகவே இருக்கிறது! 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலுக்கு மேல் ஒலி இருக்கலாகாது என்கின்றன. வணிகப் பகுதிக்கு 55. உச்ச நீதிமன்றம் 2005 சூலையில் வழங்கிய தீர்ப்பிலே, அமைதியாக வாழ்வதும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று நிலைநாட்டிற்று. பேச்சுரிமையின் பெயரால் பிறர் காதில் ஒலிபெருக்கியைத் திணிக்க யாருக்கும் உரிமையில்லை என்றும் தெளிவாக்கிற்று.

ஆனால் அந்த 45க்கும் 55க்கும் இடையே ஒளிந்திருக்கும் சூழ்ச்சியைப் பாருங்கள். பத்துதானே வேறுபாடு என்று தோன்றும். டெசிபல் கணக்கு கடைக் கணக்குப் போன்றதன்று. அதில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும். காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு உரக்கக் கேட்கும். ஆகவே, நகர வரைபடத்திலே ஒரு தெருவின் நிறத்தை மாற்றிக் குடியிருப்பை வணிகப் பகுதியாக்கினால், அங்கே வாழ்வோர் ஒருவரையும் கேளாமல், பத்து மடங்கு ஒலிக்குச் சட்டமே கதவைத் திறந்துவிட்டதாகும். செங்கல் ஒன்றும் நகரவில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் நகரவில்லை. தாளிலே நிறம் மாறிற்று, அவ்வளவே!

இன்னொன்றும் உண்டு. இக்காலத்து இசைக்கூடங்களிலிருந்து வருவது பாட்டன்று. நெஞ்சில் இடிக்கும் 'டம் டம்' என்னும் அடித்தொனி. குரலைத் தடுக்கும் சுவர் அதைத் தடுப்பதில்லை. வழக்கமான முறையில் வைக்கப்படும் அளவுக் கருவியோ மனிதச் செவியைப் போலத் தாழ்ந்த தொனியைக் குறைத்தே மதிப்பிடுகிறது. அதிகாரி வந்து கருவியைக் காட்டி, அளவு மீறவில்லையே என்பார், கட்டிலோ அதிர்ந்துகொண்டிருக்கும். ஐரோப்பாவுக்கென்று 2009இல் வகுத்த வழிகாட்டு நெறியில், இரவிலே வீட்டுக்கு வெளியே 40 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறியுள்ளது. நமது சட்டத்தின் 45 அதைவிடத் தளர்ந்தது. அந்தத் தளர்ந்த எல்லைக்கே நம் ஊர்களில் மதிப்பில்லை.

சட்டம் இருந்தும் ஏன் நடக்கவில்லை? காரணம் இரண்டு. இரண்டையும் மனத்தில் இருத்துங்கள்.

முதற் காரணம், நடுவராக அமர வேண்டிய அரசே வழக்கில் பங்காளியாக இருப்பது. கர்நாடக அரசின் கருவூலத்துக்கு ஆயத்தீர்வை ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கொட்டுகிறது. ஒவ்வொரு மணி நேரம் கூடத் திறந்திருந்தாலும் கருவூலம் கொழிக்கும். கடையை மூடு என்று சொல்ல வேண்டிய வாய்க்குக் கடையிலிருந்துதான் கவளம் போகிறது. வாய் எப்படித் திறக்கும்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறமாட்டேன். பெங்களூருவில் நேரடி இசையும் நடனமும் நடத்தும் கேளிக்கை இடங்கள் காவல்துறையின் உரிமம் பெற வேண்டும் என்னும் 2005ஆம் ஆண்டு ஆணையை, உச்ச நீதிமன்றம் 2018 சனவரியில் உறுதி செய்தது. அதன்பின் பல இடங்களில் இசை நின்றது. ஆனால் அடி விழுந்தது யார்மீது? கிதார் வாசித்தும் பாடியும் பிழைத்த கலைஞர்கள் மேடையிழந்தனர். ஒலி புகாச் சுவருக்குப் பணம் செலவிடாத முதலாளிமீது விழ வேண்டிய அடி, பாட்டுக்காரன் முதுகில் விழுந்தது!

இரண்டாம் காரணம், குறை கேட்க மக்கள் பேராளர் இல்லாமை. பெங்களூரு மாநகராட்சிக்கு 2015 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. 198 வட்டங்கள். அம்மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் 2025 செப்டம்பர் வரை, முழுமையாக 5 ஆண்டுகள், அப்பெருநகரிலே மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு வட்ட உறுப்பினரும் இல்லை. அந்தச் செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தனர்; அப்போதும் அமர்ந்தவர்கள் அதிகாரிகளே. நள்ளிரவில் உறக்கமிழந்த குடும்பம், யார் வீட்டுக் கதவைத் தட்டும்? அதிகாரி வாக்குக் கேட்டு வருபவர் அல்லர்; அடுத்த மாற்றல் ஆணை வந்தால் ஊரைவிட்டே போய்விடுபவர்.

இனி நம் தெருமுனைக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் மது மொத்த விற்பனைக்கென 1983இல் தொடங்கப்பட்டது டாஸ்மாக். 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். அதன் வழியே அரசுக்கு வந்த வருவாய் 2023–24ஆம் ஆண்டில் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிற்று. பெங்களூருவில் அரசு வரி பெறும் பங்காளி. இங்கே அரசே கடைக்காரர். கடையை ஒட்டிய மதுக்கூடத்தை ஏலத்தில் எடுத்து நடத்துபவரோ தனியார். இரவு 10 மணிக்குக் கடை மூடிய பின்னும் பக்கத்துக் கூடத்தில் விற்பனை நடக்கிறது என்னும் முறையீடு நமக்குப் புதியதா?

நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகளுக்கு மாற்றிடம் தேடியபோது எங்கே போயின? குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைய முயன்றன. அப்போது தடுத்து நின்றவர் யார்? இடுப்பிலே குழந்தையோடு பெண்கள் தெருவில் அமர்ந்தனர். ஊர் ஊராக முற்றுகை, மறியல். அவர்கள் ஏன் தெருவில் அமர நேர்ந்தது? சென்னை மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்து, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையே ஐந்தாண்டுக்கு மேல் மாமன்றம் இல்லை. பேச மன்றமில்லாதபோது மக்கள் தெருவையே மன்றமாக்கினர். பெங்களூருவின் கதையும் நம் கதையும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் என்பது விளங்குகிறதா, தோழரே?

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டன? இரண்டைச் சொல்கிறேன், ஒன்று எச்சரிக்கை, மற்றது வழிகாட்டி.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கிங்ஸ் கிராஸ் என்னும் பகுதி இரவு வாழ்வுக்குப் பெயர் போனது. அங்கே குடிவெறித் தாக்குதலில் 18 வயது இளைஞர் இருவர் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் உயிர்ப்பலியாயினர். ஊரே கொதித்தது. 2014 பிப்ரவரியில் அரசு கடுஞ்சட்டம் கொணர்ந்தது: நடுநகரிலும் கிங்ஸ் கிராசிலும் 1.30 மணிக்கு மேல் புதிதாக யாரையும் உள்ளே விடக்கூடாது. 3 மணிக்கு மேல் மது பரிமாறக்கூடாது. தாக்குதல்கள் அங்கே குறைந்தன, உண்மை. ஆனால் சிறு கூடங்களும் இசைமேடைகளும் மூடப்பட்டன. தாக்குதலில் ஒரு பங்கு அக்கம்பக்கத்துப் பகுதிகளுக்கு இடம் பெயர்ந்தது. பெரும்பணக்காரரின் சூதாட்ட மாளிகையோ அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்று விடிய விடியக் கதவைத் திறந்து வைத்திருந்தது! மக்களின் எதிர்ப்புக்குப்பின் 2020 சனவரியில் நடுநகரிலும், 2021 மார்ச்சில் கிங்ஸ் கிராசிலும் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. மேலிருந்து வீசப்பட்ட வலை, சிறுமீனைப் பிடித்துத் திமிங்கிலத்தை விட்டது.

மற்றது இங்கிலாந்து. அங்கே 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மது உரிமம் தரும் அதிகாரம் நீதிபதிகளிடமிருந்து உள்ளாட்சி மன்றங்களின் கைக்கு மாறிற்று. குற்றத்தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், குழந்தைகளைக் காத்தல் ஆகிய நான்கு நோக்கங்களைச் சட்டமே எழுதி வைத்தது. அருகில் வாழ்பவர், தந்த உரிமத்தை மறுபடியும் ஆராய வேண்டுமென்று மன்றத்திடம் கோரலாம். மன்றம் கேட்டே தீர வேண்டும். நேரத்தைக் குறைக்கலாம், நிபந்தனை விதிக்கலாம், உரிமத்தைப் பறிக்கவும் செய்யலாம். அதனால் இலண்டன் சொர்க்கமாகிவிட்டதா? இல்லை, சோஹோ பகுதியிலே இன்றும் சண்டை உண்டு. ஆனால், சண்டை போடுவதற்கு ஒரு மன்றம் இருக்கிறது. அங்கே வாக்குப் பெற்று வந்தவர் அமர்ந்திருக்கிறார். இந்திராநகர்க் குடும்பங்களுக்கு இல்லாமற் போனது அது.

இன்னொருவரை மறந்துவிட்டு இந்தக் கணக்கை முடிக்கலாகாது. 1 மணிக்குக் கதவு மூடிய பின் கோப்பை கழுவுபவர், தரையைத் துடைப்பவர், நாற்காலிகளை அடுக்குபவர். மெட்ரோ ரயில் ஓடாத நேரம் அது. மூவர் நால்வராக நடந்து, ஆறேழு பேர் தங்கும் அறைக்குப் போய்ப் படுக்கின்றனர். அவருடைய உறக்கம் யார் கணக்கில்? வீட்டுச் சொந்தக்காரர் சங்கம் அவரை எண்ணுவதில்லை. முதலாளிகள் சங்கமும் எண்ணுவதில்லை. வீட்டுச் சொந்தக்காரர் யாவரும் ஒரே பக்கம் என்றும் கருதிவிடாதீர்கள். பங்களாவைக் கொழுத்த வாடகைக்கு மதுக்கூடத்துக்கு விட்டவரும் வீட்டுக்காரர். அடுத்த மனையில் புரண்டு படுப்பவரும் வீட்டுக்காரர். அவ்விருவருக்கும் பின்னால், ஒற்றை அறையில் வாடகைக்கு வாழ்கிறவருக்குக் குரலே இல்லை. கட்சித் தொண்டனின் இடம் அந்தக் குரலற்றவரின் பக்கம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை என்ன?

குடியிருப்புப் பகுதியில் மது உரிமமோ, நேர நீட்டிப்போ தருவதற்கு முன், அந்த வட்டத்து மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஒலி கடக்காத சுவரும் கூரையும் எழுப்புவது உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும். அச்செலவு இலாபம் பெறுபவருடையது. ஒலி அளந்த கணக்கு, அடித்தொனியையும் சேர்த்து, மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். நள்ளிரவு வரை வேலை வாங்குபவர், வேலையாளை வீடு சேர்க்க ஊர்தி தர வேண்டும். ஒரு வட்டத்தில் திரட்டும் தீர்வையில் ஒரு பங்கு, அந்த வட்டத்துத் தெருவிளக்குக்கும் தூய்மைக்கும் காவலுக்கும் திரும்பி வர வேண்டும்.

இவை எட்டாக் கனிகள் அல்ல. 1992இல் நிறைவேற்றப்பட்ட 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 3 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் தொகை கொண்ட நகராட்சிகளில் வட்டக் குழுக்கள் அமைக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் வட்டக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகளும் வகுக்கப்பட்டன. விதி ஏட்டிலே இருந்தால் போதுமா? ஆள் அமர்ந்தால்தான் அவை!

தோழரே, உங்கள் பணி இங்கே தொடங்குகிறது. பகுதி சபை கூடும் நாளறிந்து தெருவையே அழைத்துச் செல்லுங்கள். எந்த இரவு, எத்தனை மணிக்கு, எந்தக் கூடத்திலிருந்து எவ்வளவு நேரம் ஒலி வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதுங்கள். ஆத்திரத்தில் உடைக்கும் ஆயிரம் புட்டிகள் தராத வலிமையை அந்த ஒரு குறிப்பேடு தரும். வீட்டுக்காரரை மட்டும் அழைக்காமல், குடிக்கூலிக்கு இருப்போரையும், கூடத்தில் கோப்பை கழுவுவோரையும், முடியுமானால் அங்கே அமர்ந்து சிரிக்கும் இளைஞரையும் ஒரே பாயில் அமர்த்துங்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் பகைவர் அல்லர் என்பதை அவர்களே அறியட்டும்.

பகலை எட்டு மணி நேர வேலை என்று வரையறுக்க உழைக்கும் மக்கள் குருதி சிந்தினர். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்று கணக்கிட்டே போராடினர். அந்த மூன்றாம் எட்டு மணி இன்னும் முழுமையாக நம் கைக்கு வரவில்லை. அதற்கு உரிமம் தரும் அலுவலகம் எங்குமில்லை. அதை ஈட்டித் தரும் மன்றத்தை, வட்டந்தோறும், தெருதோறும், நாமே கட்டி எழுப்புவோம்!